இயற்கையும் ஆக்கமும்: விவிலியப் படைப்புச் சிந்தனையும் பல்தெய்வ, சமயஞ்சாரா இயற்கை நோக்குகளும்

ஆய்வுச் சுருக்கம்

இயற்கை பற்றிய விவிலியச் சிந்தனை, பண்டை மேற்காசியப் பல்தெய்வ மரபுகளிலிருந்தும் பிற்கால ஐரோப்பியச் சமயஞ்சாரா நோக்கிலிருந்தும் எவ்வாறு வேறுபடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பியம் கூறும் முதற்பொருள், கருப்பொருள் பாகுபாடும், இயற்கைப் பொருள், செயற்கைப் பொருள் பற்றிய கிளவியாக்க விதிகளும் இவ்வேறுபாட்டை விளக்கும் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன. இயற்கையிலிருந்து தெய்வத்தன்மையை நீக்கியதன் வழியாகவே விவிலியம் அதன் சுரண்டலுக்கு இடமளித்தது என்னும் லின் வொயிட்டின் கருத்து, விவிலியப் பகுதிகளின் அடிப்படையில் மதிப்பிடப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இயற்கை, படைப்பு, ஆக்கம், முதற்பொருள், கருப்பொருள், ஆதியாகமம், எனுமா எலிஷ், சமயஞ்சாரா நோக்கு

1. முன்னுரை

எபிரேய விவிலியத்தில் 'இயற்கை' என்பதற்கு நேரான சொல் இல்லை. வானமும் பூமியும், கடலும் அதிலுள்ளவையும், மலை, மரம், விலங்கு, பறவை என்று அது எண்ணிச் சொல்லும். இவை அனைத்தையும் தன்னளவில் நிற்கும் ஒரு முழுமையாகத் திரட்டிக் குறிக்கும் பொதுப்பெயர் அதில் இடம்பெறவில்லை. கிரேக்கர் வழங்கிய 'ஃபூசிஸ்' வளர்தலோடும், உரோமர் வழங்கிய 'நாத்தூரா' பிறத்தலோடும் தொடர்புடையவை. தமிழின் 'இயற்கை' இயல் என்னும் அடியிலிருந்து பிறந்தது. பொருள்கள் தம் இயல்பால் அவ்வாறு இருக்கின்றன என்னும் எண்ணம் இம்மூன்றிலும் உண்டு. எபிரேயத்தில் இச்சொல் இல்லாமையைச் சொல்வளக் குறையாகக் கொள்வதினும், அம்மொழியினரின் உலகநோக்குக்குரிய அடையாளமாகக் கொள்வதே பொருந்தும்.

இவ்வடையாளத்தை விளங்கிக்கொள்ளத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் துணைசெய்கிறது. இயற்கைப் பொருளை 'இத்தன்மைத்து' என்று கூறவேண்டும். செயற்கைப் பொருளை ஆக்கச்சொல்லோடு கூறவேண்டும். அவ்வாக்கம் காரணத்தை முன்னிட்டு வரும் என்று கிளவியாக்கம் வரையறுக்கிறது. நிலத்தின் வன்மையும் நீரின் தண்மையும் முதல்வகைக்கு உரையாசிரியர்கள் காட்டும் சான்றுகள். நிலம் வலிதாக 'ஆயிற்று' என்று கூறின், முன்பு அது அவ்வாறு இல்லை என்றும், அதனை அவ்வாறு ஆக்கிய காரணம் ஒன்று உண்டு என்றும் பொருள்படும்.

ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை இவ்விதியோடு வைத்துப் படித்தால் வியப்பான ஓர் உண்மை புலனாகிறது. ஒளி, வானவிரிவு, நிலம், கடல், பயிர், சுடர்கள் என அங்குக் கூறப்படும் பொருள்கள் தமிழ் இலக்கணத்தின்படி இயற்கைப் பொருள்கள். அவை தோன்றும் செய்தியோ ஆக்கச்சொல்லோடு வருகிறது. எபிரேயத்தின் 'வயெஹி' என்னும் வினை அவ்வதிகாரம் முழுதும் திரும்பத் திரும்ப வருவதும், 1871ஆம் ஆண்டின் தமிழ் மொழிபெயர்ப்பு அதனை 'உண்டாயிற்று', 'ஆயிற்று' என்று பெயர்த்திருப்பதும் நோக்கத்தக்கன. தொல்காப்பியரின் வழக்கில் சொல்வதானால், விவிலியத்திற்கு இயற்கைப் பொருள் என்று ஒன்று இல்லை. உலகம் முழுவதும் செயற்கைப் பொருளே.

தொல்காப்பியத்தை இங்கு எடுத்துக்கொண்டது எபிரேயருக்கும் தமிழருக்கும் வரலாற்றுத் தொடர்பு காட்டும் நோக்கத்தால் அன்று. அத்தகைய முயற்சிகள் நம்மிடையே போதிய அளவு நடந்துள்ளன. ஒப்பிட்டு விளக்கும் கருவியாக மட்டுமே அது இங்குப் பயன்படுகிறது. மேலும், 'பேகன்' என்னும் ஐரோப்பியச் சொல் நாட்டுப்புறத்தானைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து இழிவுப்பொருள் பெற்றது. தமிழ்க் கிறித்தவ உரைநடையில் பிற சமயத்தாரைக் குறிக்க வழங்கிய 'அஞ்ஞானிகள்' என்பதும் நடுநிலையானது அன்று. ஆகவே இக்கட்டுரை 'பல்தெய்வ மரபு' என்னும் தொடரையே ஆள்கிறது.

2. முதலும் கருவும் இடம் மாறுதல்

அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கும் தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொள்கிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள்கள். இவ்வரிசையில் தெய்வம் முதலில் நிற்கிறது; ஆயினும் அது கருப்பொருளே. காட்டுக்கு மாயோன், மலைக்குச் சேயோன், வயலுக்கு வேந்தன், கடற்கரைக்கு வருணன் என்று நிலத்திற்கேற்பத் தெய்வம் அமைகிறது. இது பாட்டியல் சார்ந்த வகைப்பாடு. இறையியல் கோட்பாடு அன்று. எனினும் நிலமும் பொழுதும் முன்னிற்கத் தெய்வம் அவற்றைச் சார்ந்து நிற்கும் இவ்வைப்புமுறை, பல்தெய்வ மரபுகள் பலவற்றின் பொதுவான அமைப்பைத் தெளிவாகக் காட்டுகிறது.

பாபிலோனியப் படைப்புக் காப்பியமான எனுமா எலிஷ் இதற்குச் சான்று. நினிவேயில் அசூர்பனிபாலின் நூலகத்தில் கிடைத்த களிமண் பலகைகளிலிருந்து ஜார்ஜ் ஸ்மித் 1876இல் இதனை வெளியிட்டார். ஏழு பலகைகளில் அமைந்த இக்காப்பியத்தின் தொடக்கத்தில் தெய்வங்கள் இல்லை. அப்சு என்னும் நன்னீரும் தியாமத் என்னும் கடல்நீரும் கலந்து கிடக்கின்றன. அக்கலப்பினுள் தெய்வங்கள் பிறக்கின்றன. பின்னர் மார்துக் தியாமத்தைக் கொன்று, அவள் உடலை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வானமாக நிறுத்துகிறான். கிங்கு என்னும் தெய்வத்தின் குருதியிலிருந்து மனிதர் படைக்கப்படுகின்றனர். தெய்வங்களின் உழைப்பைத் தாம் ஏற்பதே அவர்தம் கடமை. இங்கு நீர் முதல், தெய்வம் கரு. வானமும் நிலமும் ஒரு தெய்வத்தின் உடல் என்பதால் இயற்கையும் தெய்வமும் ஒரே பொருளால் ஆனவை.

நிலத்தைச் சார்ந்த தெய்வம் என்னும் எண்ணத்தை விவிலியமே ஓரிடத்தில் எதிராளியின் வாயில் வைத்துக் கூறுகிறது. சமாரியாவில் தோற்ற சீரிய மன்னனிடம் அவன் அலுவலர், இஸ்ரவேலரின் தேவர்கள் மலைத்தேவர்கள் என்றும், சமவெளியில் போரிட்டால் வெல்லலாம் என்றும் அறிவுரை கூறுகின்றனர் (1 இராஜாக்கள் 20:23). தமிழ் மாணவர்க்கு இவ்வாதம் எளிதில் விளங்கும்: குறிஞ்சித் தெய்வத்திற்கு மருதத்தில் ஆற்றல் இல்லை என்பதே அது. அடுத்த ஆண்டு சமவெளியிலும் அவர்கள் தோற்றதாகக் கூறுவதன் வழி நூலாசிரியர் அவ்வெண்ணத்தை மறுக்கிறார்.

ஆதியாகமம் இவ்வைப்புமுறையையே தலைகீழாக்குகிறது. முதல் நாளில் ஒளியும் இருளும் பிரிக்கப்பட்டு மாலையும் காலையும் தோன்றுகின்றன. மூன்றாம் நாளில் நிலம் வெளிப்படுகிறது. தொல்காப்பியம் முதற்பொருளாகக் கொண்ட பொழுதும் நிலமும் இங்கு முதலாக நிற்கவில்லை. அவற்றுக்கும் முன் ஒன்று உண்டு; அவை அதன் சொல்லால் ஆனவை.

எனினும் இவ்வேறுபாட்டை மிகைப்படுத்தலாகாது. பல்தெய்வச் சமயங்கள் அனைத்திலும் தெய்வங்களுக்கு முற்பட்ட மூலப்பொருள் ஒன்று உண்டு என்றும், இஸ்ரவேலில் அத்தகையது அறவே இல்லை என்றும் எகெஸ்கேல் காஃப்மன் வாதிட்டார். அவர் கருத்து செறிவானது. ஆனால் நூற்சான்று அவ்வளவு தூய்மையாக இல்லை. ஆதியாகமத்தின் இரண்டாம் வசனத்திலேயே இருளும் ஆழமும் இருக்கின்றன. அவை படைக்கப்பட்டதாக அங்குக் கூறப்படவில்லை. அவ்வாழத்தைக் குறிக்கும் 'தெஹோம்' தியாமத்தின் பெயரோடு இனமான சொல். 74ஆம் சங்கீதத்தில் லிவியாதானின் தலைகளை நசுக்கும் போர்க்காட்சியும் உண்டு. ஜான் லெவன்சன் 1988இல் வெளியிட்ட நூல் இத்தகைய பகுதிகளைக் கொண்டு காஃப்மனுக்கு மறுப்பாக அமைந்தது. ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் விவிலியச் சிந்தனையின் ஒரே குரல் அன்று. பழைய குரல்களோடு வாதிட்டு மேலெழுந்த குரல்.

3. பெயர் நீக்கப்பட்ட சுடர்கள்

அவ்வாதத்தின் கூர்மை நான்காம் நாளில் வெளிப்படுகிறது. சூரியனுக்கு எபிரேயத்தில் 'ஷெமெஷ்' என்றும் சந்திரனுக்கு 'யாரேயாஹ்' என்றும் பெயர்கள் உண்டு. நூலாசிரியர் அவற்றை ஆளாமல் பெரிய சுடர், சிறிய சுடர் என்று மட்டும் குறிக்கிறார் (ஆதியாகமம் 1:16). காரணம் வெளிப்படை. ஷமாஷ் பாபிலோனியரின் சூரியக் கடவுள். யாரிக் உகாரித்து மக்களின் சந்திரக் கடவுள். பெயரைச் சொன்னாலே தெய்வத்தை அழைத்ததாகும் சூழலில், பெயரை விலக்குவது தெய்வநிலையை விலக்குவதாகும். விளக்கின் வேலை ஒளி தருவதும் காலம் காட்டுவதுமே. அதற்கு முந்திய நாளிலேயே புல்லும் மரமும் தோன்றிவிட்டன என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணவேண்டும். பயிர் வளர்ப்பவன் கதிரவன் என்னும் உரிமைக்கோரிக்கை இதனால் வலுவிழக்கிறது.

எகிப்தோடு ஒப்பிட்டால் வேறொரு நுட்பம் புலப்படும். அக்கெனாத்தன் காலத்து ஆத்தன் துதிப்பாடல் (கி.மு. 14ஆம் நூற்றாண்டு), அமர்னாவில் ஆய் என்பவரின் கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது. இதற்கும் 104ஆம் சங்கீதத்திற்கும் உள்ள ஒப்புமை நெடுங்காலமாகப் பேசப்படுகிறது. இரண்டிலும் இரவு வருகிறது, சிங்கங்கள் வெளிப்படுகின்றன, விடிந்ததும் மனிதர் வேலைக்குச் செல்கின்றனர். ஆனால் எகிப்தியப் பாடலில் இரவு, தெய்வம் மறைந்த நேரம். சாவையொத்த அவ்விருளில் சிங்கமும் பாம்பும் அச்சத்திற்குரியன. சங்கீதத்தில் இரவும் கடவுள் அமைத்த பொழுது. சிங்கக்குட்டிகளின் முழக்கம் அவரிடம் இரை கேட்கும் வேண்டுதல். தெய்வம் கதிரவனாக இருக்கும்வரை கதிரவன் மறையும்போது தெய்வமும் மறையவேண்டும். கதிரவன் படைப்பாகிவிட்டால் இரவு அநாதையாவதில்லை. தெய்வநீக்கம் இயற்கையின் மதிப்பைக் குறைத்தது என்போர் இவ்விடத்தை எண்ணிப்பார்க்கவேண்டும்: இங்கு மதிப்புப் பெற்றவை இருளும் கொடுவிலங்கும்.

4. எருசலேமுக்குள் நடந்த போராட்டம்

விவிலியச் சிந்தனையும் பல்தெய்வச் சிந்தனையும் இருவேறு மக்களுக்குரியவை என்று கருதுவது பிழை. யோசியா அரசன் (கி.மு. 7ஆம் நூற்றாண்டு) சூரியனுக்கென யூதாவின் அரசர்கள் ஆலய வாயிலருகே வைத்திருந்த குதிரைகளை அகற்றி, இரதங்களை எரித்தான் என்கிறது 2 இராஜாக்கள் 23:11. ஆலய முற்றத்திலேயே கிழக்கு நோக்கிச் சூரியனை வணங்கியவர்களை எசேக்கியேல் (8:16) காட்டுகிறார். சுடர்களுக்குப் பெயர் மறுத்த ஆசிரியரின் பாட்டன்மார் அச்சுடர்களை வணங்கியிருக்கலாம்.

போராட்டத்தின் மையம் மழை. எகிப்தைப்போல நீர்பாய்ச்சிப் பயிரிடும் நாடன்று கானான். வானத்து மழையைக் குடிக்கும் மலைநாடு என்று உபாகமம் 11ஆம் அதிகாரம் வேறுபடுத்துகிறது. மழை தருபவன் பாகால். 1929 முதல் ராஸ் ஷம்ராவில் கிடைத்த உகாரித்துப் பலகைகளில் பாகால் மோத் என்னும் சாவிடம் வீழ்வதும், மீண்டும் எழுவதும் பாடப்பட்டுள்ளன. பருவச் சுழற்சியே தெய்வத்தின் வாழ்வும் சாவுமாகிறது. மானாவாரி உழவனுக்கு இது வெறுங்கதை அன்று. கார்மேல் மலையில் எலியா நடத்திய போட்டிக்கு முன் நாடு வறட்சியில் வாடியது தற்செயல் அன்று. வழக்கு மழையைப் பற்றியது. தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் தந்தவர் யார் என்பதை அவள் அறியவில்லை என்று ஓசியா (2:8) வருந்துவதும் அதே வழக்கே.

5. நிலத்தின் உரிமை

பாகாலிடமிருந்து எடுக்கப்பட்ட நிலம் யாருக்குக் கிடைத்தது? மனிதனுக்கு என்று கூறிவிடுவது எளிது. லேவியராகமம் அவ்வாறு கூறவில்லை. நிலத்தை அறுதியாக விற்கலாகாது, அது கடவுளுடையது, மக்கள் அதில் அந்நியரும் குடிவாரதாரரும் போன்றோர் என்பதே 25:23இன் கருத்து. ஏழாம் ஆண்டில் நிலம் தரிசாகக் கிடக்கவேண்டும். அவ்வாண்டில் தானாக விளைவது அடிமைக்கும் கூலியாளுக்கும் அந்நியனுக்கும் மட்டுமன்றிக் கால்நடைக்கும் காட்டுவிலங்குக்கும் உணவு. இவ்வோய்வு நிலத்தின் உரிமையாகவே பேசப்படுகிறது. மக்கள் அதனைக் கொடாவிட்டால், அவர்கள் நாடுகடத்தப்பட்டபின் நிலம் தனக்குரிய ஓய்வுநாள்களைத் தானே அனுபவிக்கும் என்று 26ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. பாபிலோனியச் சிறையிருப்பின் எழுபது ஆண்டுகளை 2 நாளாகமம் 36:21 அவ்வாறே கணக்கிடுகிறது. தெய்வமல்லாத நிலம் கடன் வசூலிக்கும் நிலமாக இங்கு நிற்கிறது.

யோபு நூல் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. 38ஆம் அதிகாரத்தில் மனிதர் இல்லாத பாலையில் பெய்யும் மழை பேசப்படுகிறது. தொடர்ந்து வரும் காட்டுக்கழுதையும் தீக்கோழியும் எவர்க்கும் பயன்படாதவை. பயன்படாமையே அங்கு அவற்றின் பெருமை. தன் துன்பத்திற்கு விளக்கம் கேட்ட மனிதனுக்கு, தன்னைச் சுற்றிச் சுழலாத உலகம் ஒன்று காட்டப்படுகிறது. மனிதமைய நோக்குக்கு இதனினும் வலிய மறுப்பைப் பண்டை இலக்கியத்தில் காண்டல் அரிது.

6. சமயஞ்சாரா நோக்கு

தெய்வங்களின் தலையீடின்றி உலகம் தன்னியல்பால் இயங்குகிறது என்னும் கருத்து ஐரோப்பாவில் கிறித்தவத்திற்கு முற்பட்டது. எப்பிக்கூரஸைப் பின்பற்றி லுக்ரீஷியஸ் கி.மு. முதல் நூற்றாண்டில் அதனைப் பாடினார். ஆயினும் நவீனச் சமயஞ்சாரா நோக்கு அவரிடமிருந்து மட்டும் வரவில்லை. ஃபிரான்சிஸ் பேக்கன் 1620இல் தம் அறிவியல் திட்டத்தை, வீழ்ச்சியில் மனிதன் இழந்த ஆட்சியை மீட்கும் முயற்சியாகக் கண்டார். அவ்வெண்ணம் ஆதியாகமத்திலிருந்து பெறப்பட்டது. டெக்கார்ட் 1637இல் மனிதரை இயற்கையின் தலைவராகவும் உடைமையாளராகவும் ஆக்கவல்ல அறிவைப் பற்றி எழுதினார். இராபர்ட் பாயிலின் நிலையே இவற்றுள் கூர்ந்து நோக்கத்தக்கது. பக்தியுள்ள கிறித்தவரான அவர் 1686இல், 'இயற்கை செய்கிறது' என்று பேசுவதே படைத்தவர்க்குரிய பெருமையை ஒரு கற்பனைப் பொருளுக்குக் கொடுப்பதாகும் என வாதிட்டார். அதே நூலில், இயற்கைக்குக் காட்டும் வணக்கம் உயிரினங்கள்மீது மனிதன் செலுத்தும் ஆட்சிக்குத் தடையாக உள்ளது என்றும் எழுதினார். விவிலியத்தின் தெய்வநீக்கமும் நவீன ஆட்சி வேட்கையும் அவரிடம் ஒன்றாகின்றன.

பின்வந்தோர் பாயிலின் உலகத்தை வைத்துக்கொண்டு படைத்தவரை விட்டுவிட்டனர். 19ஆம் நூற்றாண்டில் நிலவியலும் டார்வினின் 1859ஆம் ஆண்டு நூலும் ஆக்கச்சொல்லை மீண்டும் இயற்கைக்குக் கொண்டுவந்தன: மலைகள் ஆயின, உயிரினங்கள் ஆயின. காரணமும் உண்டு, அது இயற்கைக்கு உள்ளேயே உண்டு. ஆதியாகமத்தோடு ஒத்தும் முற்றிலும் மாறுபட்டும் நிற்கும் நிலை இது. உரிமையாளர் இல்லாத நிலத்தில் குடிவாரதாரன் என்னும் சொல்லுக்கும் பொருள் இல்லை.

லின் வொயிட் 1967இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை இவ்வரலாற்றின் பொறுப்பை மேற்கத்தியக் கிறித்தவத்தின்மீது சுமத்தியது. மரத்திலும் ஊற்றிலும் குடியிருந்த ஆவிகளை அது ஒழித்தமையால் மனிதர் தயக்கமின்றி இயற்கையைச் சுரண்டலாயிற்று என்பது அவர் கருத்து. பேக்கனையும் பாயிலையும் நோக்க, இதில் உண்மை இருக்கிறது. ஆனால் பல்தெய்வ மரபு இயற்கைக்குக் காவலாக நின்றது என்னும் அதன் எதிர்ப்பகுதி ஐயத்திற்குரியது. தென் மெசொப்பொத்தாமியாவின் வயல்கள் மிகைப்பாசனத்தால் உவர் ஏறிக் கோதுமை குன்றி வாற்கோதுமை பெருகியதை ஜேக்கப்சனும் ஆடம்ஸும் 1958இல் எடுத்துக்காட்டினர். நீருக்கும் தானியத்திற்கும் தெய்வம் கண்ட மக்களின் வயல்கள் அவை. கில்காமெஷ் காப்பியத்தில் தெய்வம் நியமித்த காவலன் ஹும்பாபா கொல்லப்பட, தேவதாரு மரங்கள் வெட்டப்படுகின்றன. கோவில் கதவுக்கு மரம் வேண்டியிருந்தது.

வொயிட் தம் கட்டுரையின் இறுதியில் அசிசியின் பிரான்சிசைச் சூழலியலாளரின் பாதுகாவலராக முன்மொழிந்தார். 1979இல் இரண்டாம் ஜான் பால் அவ்வாறே அறிவித்தார். கதிரவனைச் சகோதரன் என்று பாடியவர் பிரான்சிஸ். கதிரவன் தெய்வமாயின் சகோதரனாக முடியாது. வெறும் பொருளாயினும் முடியாது. ஒரே கையால் படைக்கப்பட்டவற்றிடையேதான் அவ்வுறவுப்பெயர் பொருந்தும். வொயிட் தேடிய மருந்து, அவர் குற்றஞ்சாட்டிய நூலிலேயே வேர்கொண்டிருந்தது.

7. மொழிபெயர்ப்பில் மறையும் ஒன்று

எஞ்சியிருப்பது ஆதியாகமம் 1:28. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'கீழ்ப்படுத்தி', 'ஆண்டுகொள்ளுங்கள்' என வரும் சொற்களை மென்மைப்படுத்தி விளக்குவோர் உளர். அது நேர்மையான வழி அன்று. 'கபாஷ்' வன்சொல்லே, மனிதரை அடிமையாக்குதலுக்கும் எரேமியா (34:11) அதனையே ஆள்கிறார். ஆனால் 'ராதா' என்னும் ஆட்சிச்சொல் பிறவிடங்களில் வரம்போடு வருகிறது: பணியாளனைக் கொடுமையாக ஆளாதே என்று லேவியராகமம் 25:43 தடுப்பதும், மந்தையைப் பலவந்தமாக ஆண்ட மேய்ப்பர்களை எசேக்கியேல் 34:4 கண்டிப்பதும் இச்சொல்லாலேயே. மேலும், ஆட்சி வழங்கிய உடனே மனிதர்க்கு உணவாகக் குறிக்கப்படுபவை பயிரும் கனியும் மட்டுமே. புலால் உண்ண அனுமதி, வெள்ளத்திற்குப் பின்னரே (9:3) வருகிறது. கொல்லாமையை அறமாகப் போற்றிய தமிழ் மரபில் இச்செய்தி இதுகாறும் போதிய கவனம் பெறவில்லை.

2:15இல் மனிதன் தோட்டத்தில் வைக்கப்படுவதற்குக் கூறும் வினைகள் 'அபாத்', 'ஷாமர்' என்னும் இரண்டு. தமிழில் இவை பண்படுத்துதல், காத்தல் என நிற்கின்றன. பொருத்தமான மொழிபெயர்ப்பே, உழவனின் சொல் 'பண்படுத்துதல்'. ஆனால் அதே 'அபாத்' கடவுளுக்குச் செய்யும் பணியைக் குறிக்கும் இடங்களில், யோசுவா 24ஆம் அதிகாரத்தில் போல, 'சேவித்தல்' என்று பெயர்க்கப்படுகிறது. எபிரேயத்தில் மண்ணுக்குச் செய்வதும் கடவுளுக்குச் செய்வதும் ஒரே வினை. தமிழில் ஒன்று கழனிக்கும் மற்றொன்று கோவிலுக்கும் பிரிந்துவிட்டதால், 2:15ஐத் தமிழில் மட்டும் படிப்பவர் அவ்விரண்டையும் இணைத்துக் காண வழியில்லை.